புதையலும் பட்டியலும்



விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதுவோர் ஆடுகளத்தைப் பற்றியும் ஆட்டக்காரரைப் பற்றியும் விரிவாக எழுதுவர். கணக்கெழுதும் ஏட்டைப் பற்றி எழுதுவார் அரியர். இன்று நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டிலோ ஏடுதான் ஆட்டத்தின் பாதியாகும். ஜியோகேஷிங் என உலகெங்கும் வழங்கும் இதனைப் புவிப்புதையல் தேடல் என்று தமிழிற் கூறலாம். ஒருவர் ஒரு சிறு பெட்டியினுள்ளே, வருவோர் பெயரெழுதுதற்கென ஒரு குறிப்பேட்டையும் இட்டு, அதனைக் காட்டிலோ குன்றிலோ பாலத்தின் அடியிலோ மறைத்துவைக்கிறார். அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தளத்தில் வெளியிடுகிறார். அவரை முன்பின் அறியாத வேறொருவர், செய்மதிகளின் துணைகொண்டு இடமறியும் கைக்கருவியுடன் சென்று, பெட்டியைத் தேடிக் கண்டு, ஏட்டிற் பெயரெழுதி, பெட்டியை இருந்தவாறே வைத்து மீள்கிறார். ஆட்டம் இவ்வளவே. இத்துணை எளிய ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு கணினியின் முன் அமர்ந்து ஆயத்தஞ் செய்யும் வழக்கம் எவ்வாறு வந்தது? அதற்கென மென்பொருள்கள் ஏன் எழுந்தன? அவற்றைப் பயின்றோர் உண்மையிற் பயின்றது யாது? இவையே இப்பேச்சின் பொருளாகும்.

இவ்விளையாட்டின் முன்னோடியைக் காணவேண்டின் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டாட்மூர் என்னும் மேட்டுநிலத்துக்குச் செல்லவேண்டும். மரம் அருகிப் புல்லும் சதுப்பும் கருங்கற் பாறைகளும் விரிந்துகிடக்கும் அந்நிலத்தின் வடபாகத்தில் கிறான்மியர் குளம் என்றோர் இடம் உண்டு. பெயர்தான் குளம், நீர் வடிந்து வெறும் பள்ளமாகவே கிடக்கிறது. ஜேம்ஸ் பெறற் என்னும் வழிகாட்டி 1854 ஆம் ஆண்டில் அங்கே ஒரு போத்தலை வைத்தார். அரிதின் நடந்து அவ்விடத்தை அடைந்தோர், தாம் வந்தமைக்குச் சான்றாகத் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் சென்றனர். பிற்காலத்தில் வருவோர் தபாலட்டையை அங்கே விட்டுச்செல்வதும், அடுத்து வருபவர் அதனை எடுத்துச்சென்று தபாலிற் சேர்ப்பதும் வழக்கமாயின. தபாற்பெட்டி ஆட்டம் என்னும் பொருள்பட லெற்றர்பொக்சிங் என்ற பெயர் வந்தது இதனாலேயே.

ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரண்டாவது பெட்டி பெல்ஸ்ரன் குன்றில் வைக்கப்பட்டது 1894 ஆம் ஆண்டிலேதான். அதுவரை நாற்பது ஆண்டுகள் பட்டியல் எதுவும் வேண்டப்படவில்லை. இருப்பது ஒன்று, போகும் வழியை ஊரவரிடங் கேட்டறியலாம். 1976 ஆம் ஆண்டிற் பதினைந்து பெட்டிகளைக் குறித்த வழிகாட்டிப் படமொன்று வெளிவந்தது. அதன்பின் பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. பெருகவே, எந்தப் பாறையிலிருந்து எத்தனை பாகையில் எத்தனை அடி என்று திசைகாட்டிக் குறிப்புக்களுடன் அச்சிட்ட பட்டியல் இன்றி ஒருவரும் மேட்டில் ஏறாத நிலை வந்தது. பெட்டி பெருகினால் பட்டியல் பிறக்கும்; பட்டியல் பெருகினால் அதனை ஆளுங் கலை பிறக்கும். டாட்மூரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்த இம்மாற்றம், செய்மதிக் காலத்திற் சில ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்தது.

செய்மதிகளின் கதையை இங்கே சுருக்கமாகவே சொல்வேன். 1957 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்கின் ஒலியலைகளைக் கேட்டிருந்த அமெரிக்க அறிஞர் சிலர், அலையின் அதிர்வெண் மாறும் பாங்கிலிருந்து செய்மதி எங்கே உள்ளது என்பதைக் கணித்தனர். செய்மதியின் இடம் தெரியுமாயின் கேட்பவனுடைய இடத்தைக் கணிக்கலாமே என்று அதனைத் திருப்பிப் போட்டதிற் பிறந்ததே டிரான்சிற் என்னும் முதற் செய்மதி வழிகாட்டு முறை. இதற்கு முன்னரே, 1956 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், கைக்கடிகார அளவான ஒரு கருவியைக் கொண்டு உலகில் எவரும் தம் இடத்தை அறியும் காலம் வருமென்று ஆதர் சி. கிளாக் குறித்திருந்தார். அவ்வாண்டிலே இலங்கைக்குக் குடிவந்து, 2008 ஆம் ஆண்டில் மறையும்வரை நம்மிடையே வாழ்ந்த எழுத்தாளர் அவர் என்பது நேயர்கள் பலரும் அறிந்ததே.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973 ஆம் ஆண்டில் வகுத்த ஜீபீஎஸ் திட்டத்தின் முதற் செய்மதி 1978 ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1983 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் இம்முறை நிறைவேறியதும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று ஜனாதிபதி றேகனின் அரசு அறிவித்தது. திறந்துதான் விட்டனர், ஆயினும் பகைவர் பயன்படுத்துவர் என்னும் அச்சத்தால், பொதுமக்களுக்குக் கிடைக்கும் அலைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்தனர். நூறு மீற்றர் வரை இடம் பிசகும். கப்பலுக்கு அது போதும். மரத்தடியிற் கிடக்கும் பெட்டியைத் தேடுவோனுக்கு அது பயனற்றது.

2000 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி, ஜனாதிபதி கிளின்ரனின் ஆணைப்படி, அக்கலப்புப் பிழை நிறுத்தப்பட்டது. உலகெங்குமுள்ள கருவிகள், எவரும் அவற்றைத் தொடாமலே, ஒரே கணத்திற் பத்து மடங்கு நுட்பம் பெற்றன. மறுநாள், மே 3 ஆந் திகதி, டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில், போட்லண்ட் நகருக்கு அணித்தான பீவர்க்கிறீக் என்னும் இடத்திற் கறுப்பு நிறப் பிளாஸ்ரிக் வாளியொன்றைப் பாதி புதைத்து வைத்தார். நூல்கள், மென்பொருள், ஒரு கவண், ஓர் அவரைத் தகரம், குறிப்பேடு, பென்சில் ஆகியன அதனுள் இருந்தன. எதையேனும் எடுப்பவர் எதையேனும் வைக்கவேண்டும் என்பது அவர் விதித்த விதி. வட அகலக்கோடு 45 பாகை 17.460 நிமிடம், மேற்கு நெடுங்கோடு 122 பாகை 24.800 நிமிடம் என்று இடத்தை இணையச் செய்திக்குழுவொன்றில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் வாளி கண்டெடுக்கப்பட்டது. முதலிற் கண்டவர் மைக் ரீக்.

இந்த மைக் ரீக் என்பவரை வரலாறு போதிய அளவு நினைவுகூரவில்லை என்பது என் எண்ணம். புதையல் வைத்தவருக்குப் புகழ் போயிற்று. ஆனால் ஆங்காங்கே பிறர் வைக்கத் தொடங்கிய பெட்டிகளின் இடங்களை ஒன்றுதிரட்டித் தம் சொந்தப் பக்கத்தில் முதன்முதல் வரிசைப்படுத்தி வைத்தவர் அவரே. அவ்வாண்டு மே 30 ஆந் திகதி மற் ஸ்ரம் என்பவர் ஜியோகேஷிங் என்னும் பெயரை முன்மொழிந்தார். செப்ரெம்பர் 2 ஆந் திகதி, சியற்றில் பகுதியைச் சேர்ந்த இணைய வல்லுநரான ஜெறமி ஐறிஷ் அப்பெயரிலேயே ஒரு தளத்தைத் திறந்தார். அன்று அறியப்பட்ட பெட்டிகள் மொத்தம் 75. ஒரு தாளின் இருபுறமும் எழுதி முடித்துவிடலாம். 2010 ஆம் ஆண்டு மார்ச்சில் அதே பட்டியலில் பத்து இலட்சம் பெட்டிகள் இருந்தன. இன்று முப்பது இலட்சத்துக்கு மேல் உள்ளன.

இடைப்பட்ட அப்பத்தாண்டிலேதான் மென்பொருளின் கதை நடைபெறுகிறது.

தொடக்கத்தில் தேடுவோர் செய்தது எளிது. போகவிருக்கும் ஊரை அடுத்த பெட்டிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தாளில் அச்சிட்டனர். எண்களைக் கைக்கருவியின் சிறு பொத்தான்களை அழுத்தி ஒவ்வோர் இலக்கமாக ஏற்றினர். பத்துப் பெட்டிக்கு முப்பது தாள். மழை பெய்தால் அத்தனையும் கூழ். ஓர் இலக்கம் தவறினால் ஒரு பிற்பகல் வீண். இதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. தாளில் அச்சிட்டதை வரிசை மாற்றவோ, தெரிந்தெடுக்கவோ, ஒப்புநோக்கவோ இயலாது. அறுபது தாளில் எதை முதலில் தேடுவது என்பதற்கு விடை தாளில் இல்லை.

இக்குறையை நீக்கியவை இரண்டு. ஒன்று, 2002 ஆம் ஆண்டில் ரொப்போகிறபிக்ஸ் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த டான் வொஸ்ரர் வகுத்து வெளியிட்ட ஜீபீஎக்ஸ் என்னும் கோப்பு வடிவம். இடங்களையும் வழிகளையும் எழுதுவதற்கு எவரும் பயன்படுத்தக்கூடிய பொது எழுத்துமுறை இஃது. முன்பு ஒவ்வொரு கருவியும் தனக்கெனத் தனி மொழி பேசிற்று. ஜீபீஎக்ஸ் வந்தபின் கணினியும் கருவியும் ஒரு மொழியிற் பேசலாயின. பெட்டித் தளத்தினர் இதனோடு தம் குறிப்புக்களையும் சேர்த்தனர்: பெட்டியின் அளவு, தேடற் கடுமை, நில அமைப்பு, துப்பு, அண்மையிற் சென்று வந்தோரின் பதிவுகள் என்பன அவை. மற்றையது பொக்கற் குவெரி என்னும் ஏற்பாடு. சந்தாக் கட்டிய உறுப்பினர் ஒருவர், இன்ன இடத்தைச் சூழ இத்தனை மைலுக்குள் இன்ன வகைப் பெட்டிகள் வேண்டும் என்று கேள்வி அமைத்துவைத்தால், ஜீபீஎக்ஸ் கோப்பொன்று மின்னஞ்சலில் வந்து சேரும். ஒரு கேள்விக்கு ஐந்நூறு பெட்டி என்பது எல்லை. பின்னர் அது ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

இனிக் கோப்பு கையில் வந்தது. ஐந்நூறு பெட்டிகளும் வந்தன. அவற்றை என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடையாகப் பலர் பல மென்பொருள்களை எழுதினர். அவற்றுள் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது கிளைட் இங்லண்ட் என்னும் நிரலாசிரியர் ஆக்கிய ஜீசாக் ஆகும். சுவிற்சலாந்துப் படைவீரனின் பல்கருவிக் கத்தியை நினைவூட்டும் நீண்ட பெயரொன்றின் முதலெழுத்துக்களே ஜீசாக் என நின்றன. பெயருக்கேற்ப அதில் அலகுகள் மிகப் பல. முதன்முதலாகத் திறப்பவர் எதிரே பல நிரல்களைக் கொண்ட பெரிய அட்டவணை ஒன்று விரியும். பலர் அன்றே மூடிவைத்தனர் என்பதில் வியப்பில்லை. மூடாது இருந்து பழகியோர் சில வாரங்களிற் கற்றவை அம்மென்பொருளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

அவர்கள் முதலிற் கற்றது எண்ணை வாசிக்கும் முறை. மேலே கூறிய அல்மரின் வாளியையே எடுத்துக்கொள்வோம். 45 பாகை 17.460 நிமிடம் என்பதில் உள்ள புள்ளிக்குப் பின் வருவது நிமிடத்தின் பின்னம். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலக்கோட்டில் ஏறத்தாழ 1.85 மீற்றர் ஆகும். கடைசி இலக்கமே ஓர் ஆளின் நீளம் என்று கொள்க. இதனைப் பழைய வழக்கப்படி 17 நிமிடம் 46.0 செக்கன் என்று ஒருவர் தம் கருவியில் ஏற்றிவிட்டால் யாது நிகழும்? 0.460 நிமிடம் என்பது உண்மையில் 27.6 செக்கன். ஆகவே 18.4 செக்கன் பிசகி, அவர் ஏறத்தாழ 570 மீற்றர் வடக்கே போய் நிற்பார். நெடுங்கோட்டில் உள்ள 24.800 ஐ அவ்வாறே வாசித்தால் 80 செக்கன் வரும். நிமிடத்துக்கு அறுபது செக்கனே ஆகலின் பிழை தானாகவே வெளிப்பட்டுவிடும். 17.460 இலோ பிழை வாய் திறவாது. பேசும் பிழையினும் பேசாப் பிழையே கொடியது என்பதை இந்த ஓர் எண்ணிலே பலர் கற்றனர். இங்கிலாந்தில் இன்னொரு பொறியும் உண்டு. அந்நாட்டின் பழைய நிலவளவைக்கு அடிப்படையான புவிவடிவம் வேறு. செய்மதிகள் கொள்ளும் புவிவடிவம் வேறு. கருவியில் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரிந்துவிட்டால் எண் எழுத்துப் பிசகாமல் இருந்தும் இடம் நூறு மீற்றரளவு விலகும். இத்தகைய மாற்றங்களைச் செய்து, பல்வகைக் கருவிகளுக்கும் கோப்பை மொழிபெயர்த்துக் கொடுத்தது றொபேட் லைப் என்பார் தொடங்கிய ஜீபீஎஸ்பேபல் என்னும் கட்டற்ற மென்பொருள். ஜீசாக் தானும் திரைக்குப் பின்னால் அதன் உதவியையே நாடிற்று.

அடுத்துக் கற்றது வடித்தெடுத்தல். எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல விரும்புவதே தொடக்கநிலையாளரின் இயல்பு. பழகியவரோ முன்பே கண்டவற்றை நீக்குவார். தாமே வைத்தவற்றை நீக்குவார். உரியவர் தற்காலிகமாக நிறுத்திவைத்தவற்றை நீக்குவார். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடற் கடுமை ஒன்று முதல் ஐந்து வரை, நிலக் கடுமை ஒன்று முதல் ஐந்து வரை, அரை அரைப் படியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நிலக் கடுமை ஒன்றாயின் சக்கர நாற்காலியில் வருபவரும் அடையலாம். ஐந்தாயின் தோணியோ மலையேறும் கயிறோ வேண்டும். குழந்தைகளுடன் புறப்படும் தந்தையொருவர் இரண்டுக்கு மேற்பட்ட நிலத்தை வடித்துத் தள்ளிவிடுவது அறிவுடைமை. பின்னர் நடுப்புள்ளி ஒன்றை, அஃதாவது வண்டியை நிறுத்தும் இடத்தை, மென்பொருளுக்குச் சொன்னால், ஒவ்வொரு பெட்டியும் அங்கிருந்து எத்தனை தூரம், எத்திசை என்று அது உடனே கணித்து வரிசைப்படுத்தும். கடைசி நான்கு பதிவுகளையும் நான்கு சிறு நிறக்கட்டங்களாக அட்டவணையிற் காட்டும்: கண்டவர் பதிவு பச்சை, காணாதவர் பதிவு சிவப்பு. நான்கும் சிவப்பாயின் பெட்டி அங்கே இல்லாமலிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். இவ்வளவில் ஐந்நூறு பெட்டி இருபதாகக் குறைந்துவிடும். ஒரு பகலுக்கு இருபது போதும்.

தூரக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். மென்பொருள் சொல்வது பறவை பறக்கும் தூரம். எதிரே தெரியும் பெட்டி இருநூறு மீற்றரில் இருக்கும். நடுவே ஆறு ஓடும். பாலமோ நான்கு மைலுக்கு அப்பால் இருக்கும். இடவிளக்கப் படத்தை விரித்துப் பார்க்கும் பழக்கத்தை எந்த அட்டவணையும் ஈடுசெய்ததில்லை. டாட்மூரையே மீண்டும் சொல்லலாம். கிறான்மியர் குளம் அமைந்திருப்பது படையினரின் சுடுகளப் பயிற்சி எல்லைக்குள். சுடும் நாட்களிற் செங்கொடி ஏற்றப்படும். எவரும் உட்செல்லல் ஆகாது. எந்த நாளிற் சுடுகின்றனர் என்பது படையினர் வெளியிடும் அறிவித்தலில் உண்டு. பெட்டிப் பட்டியலில் இல்லை. அட்டவணையை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் கொடியைக் கண்டு திரும்பவேண்டியதுதான்.

மூன்றாவதாகக் கற்றதே எல்லாவற்றினும் நுண்ணியது. அதனை விளங்கிக்கொள்வதற்குப் பொக்கற் குவெரியின் இயல்பொன்றை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். புதிய கோப்பு வரும்போது, புதிதாய் வைத்த பெட்டிகள் அதில் இருக்கும். நிலை மாறிய பெட்டிகளின் புதிய செய்திகளும் இருக்கும். ஆனால் நிரந்தரமாக அகற்றப்பட்ட பெட்டி அக்கோப்பில் வராது. வராதது மட்டுமன்று, அது அகற்றப்பட்டது என்ற செய்தியும் வராது. ஆகவே முன்னொரு நாள் தம் கணினியிற் சேர்த்த பெட்டி, நிலத்திலிருந்து போன பின்னும், தரவுத்தளத்தில் உயிருடன் இருந்துகொண்டே இருக்கும். அதன் கடைசி நான்கு கட்டங்களும் பச்சையாக ஒளிரும்; ஏனெனில் அதன்பின் அதனைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. வடித்தெடுக்குங்கால் இருப்பவற்றுள் மிகச் சிறந்ததாக அதுவே தோன்றவுங்கூடும்.

இறந்தார் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்காத கதையை இது நினைவூட்டுகிறது. பிறப்பு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். இறப்பை வேறொருவர் வந்து சொன்னாலன்றி ஏடு அறியாது. ஜீசாக்கைப் பயின்றோர் இதற்குக் கண்ட வழி எளியதும் கூர்மையானதுமாகும். ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும் கடைசியாக எந்த நாளிற் கோப்பு வந்தது என்பதை அம்மென்பொருள் தனி நிரலிற் குறித்துவைக்கும். நேற்றைய கேள்வியின் எல்லைக்குள் இருக்கவேண்டிய ஒரு பெட்டி நேற்றைய கோப்பில் வராமலிருந்தால், அந்த வராமைதானே செய்தி. நேற்றுக்கு முந்திய திகதியுள்ளவற்றை மட்டும் வடித்தெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பார்த்து, அகற்றப்பட்டவற்றை நீக்கிவிடலாம். இதனைக் கற்காது மலையேறி, இல்லாத பெட்டியை மணிக்கணக்காகத் தேடியவர் பலர். அவர்களுடைய கருவியும் சரி, எண்ணும் சரி, மென்பொருளும் சரி. ஏடு மட்டும் நேற்றைய உலகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கருவிகளின் குறுமையால் எழுந்த சில்லறைக் கலைகளும் உண்டு. அக்காலத்திற் பலர் கையில் இருந்த கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈ-றெக்ஸ் கருவி ஐந்நூறு இடங்களையே தாங்கும். ஒவ்வோர் இடத்தின் பெயருக்கும் ஆறு எழுத்தே இடம். தளம் கொடுக்கும் குறியீடு ஆறெழுத்தில் அடங்கும்; ஆனால் அதனைப் பார்த்து இஃது எந்தப் பெட்டி என்று யார் அறிவார்? ஆகவே நீண்ட பெயரை, உயிரெழுத்தை விழுங்கியும் பொதுச்சொல்லைத் தள்ளியும், பொருள் ஓரளவு தங்கும்படி தானே சுருக்கித்தரும் திறனை ஜீசாக் பெற்றது. தந்தி அனுப்பிய தலைமுறையினர் இதனைக் கண்டிருப்பின் முறுவலித்திருப்பர். துப்புக்களோ ஆங்கில நெடுங்கணக்கிற் பதின்மூன்றெழுத்துத் தள்ளி எழுதும் மறைமொழியில் இருந்தன. வேண்டாதவர் கண்ணில் விடை படக்கூடாது என்பது நோக்கம். புதிர்ப் பெட்டிகள் சிலவற்றுக்கு வெளியிட்ட இடமே பொய். புதிரை விடுவித்தால் மெய்யிடம் கிடைக்கும். அந்த மெய்யிடத்தைத் தம் தரவுத்தளத்தில் எழுதி, அடுத்த கோப்பு வந்து அதனை அழித்துவிடாதபடி பூட்டிவைப்பதும் கற்கவேண்டியதாயிற்று. வாரக்கணக்காக முயன்று விடுவித்த புதிரின் விடை ஒரு பொத்தானை அழுத்தியதும் மறைவது சிறு துன்பமன்று.

2008 ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கார்மினின் கொலறாடோ, ஒறிகன் என்னும் புதிய கருவிகள் ஜீபீஎக்ஸ் கோப்பை முழுமையாகவே வாசித்து, விபரம், துப்பு, பதிவு அனைத்தையும் தம் திரையிற் காட்டின. தாள் அத்துடன் ஒழிந்தது. காட்டில் நின்றே கண்டேன், காணேன் என்று குறித்துவைத்து, வீடு வந்து கணினியில் இணைத்தால், அக்குறிப்புக்கள் வரிசையாகத் தளத்துக்குச் செல்லும். அதே ஆண்டில் ஐபோனுக்குரிய செயலியும் வந்தது. வழியிலே நின்று, அருகில் என்ன உண்டு என்று கேட்டால், அன்றைய நிலை அப்போதே திரையில் வரும். நேற்றைய ஏடு என்னும் நோய்க்கு இது நல்ல மருந்துதான். முதல்நாள் ஆயத்தம் எதற்கு என்று பலர் கேட்கலாயினர். புதிதாய்ச் சேர்ந்தோருட் பெரும்பாலார் ஜீசாக் என்ற பெயரையே கேள்விப்படாமல் ஆடினர்.

ஆயினும் அம்மருந்துக்கு விலையொன்று உண்டு. தம் கணினியிற் கோப்பை வைத்திருந்தவர், எந்தக் கேள்வியையும் தாமே அமைத்துக் கேட்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் எந்த மழைநாளில் யாருடன் சென்றோம் என்பதைப் பெட்டியின் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். கைத்தொலைபேசியின் வழியே பார்ப்பவர், தளத்தார் எந்தக் கேள்விக்கு இடம் வைத்தனரோ அதனையே கேட்கலாம். ஏடு அவரிடம் இல்லை. ஏட்டைப் பார்க்கும் சாளரம் மட்டுமே உண்டு. இது வெறும் கற்பனை அச்சமன்று. கார்மின் நிறுவனம் தானே 2010 ஆம் ஆண்டின் இறுதியில் ஓப்பின்கேஷிங் என்னும் பெயரில் ஒரு புதையற் பட்டியலைத் தொடங்கி, 2015 ஆம் ஆண்டில் அதனை மூடிவிட்டது. மூடிய தளத்தின் பக்கங்களைத் திறந்து பார்த்தல் எவர்க்கும் இயலாது. கோப்பை முன்பே தம்மிடம் இறக்கி வைத்திருந்தவர் தம் பயணங்களின் பதிவை இழக்கவில்லை. என்னைக் கேட்பின், ஏட்டின் படியொன்றைத் தம் கையில் வைத்திருந்தோர் பக்கமே நான் நிற்பேன். ஆனால் அவ்வாறு வைத்திருப்பவர் அதனை நாடோறும் புதுப்பிக்கும் உழைப்பையும் ஏற்கவேண்டும். பழைய படியை மெய்யென்று நம்புபவரினும், படியே இல்லாதவர் நலமாக வீடு திரும்புவார்.

கன்சாஸ் மாநிலத்திலே, 2000 ஆம் ஆண்டு மே 11 ஆந் திகதி வைக்கப்பட்ட மிங்கோ என்னும் பெட்டி, வழக்கிலுள்ளவற்றுள் மிகப் பழையது. எழுபத்தைந்து பெட்டிகளைக் கொண்ட அந்த முதற் பட்டியலின் காலத்தைச் சேர்ந்த அதனைத் தேடி மக்கள் இன்றும் செல்கின்றனர். டாட்மூரிலும் இப்போது தபாற்பெட்டிகளோடு செய்மதிப் பெட்டிகளும் கலந்து கிடக்கின்றன. மேட்டின் உட்புறத்திற் கைத்தொலைபேசித் தொடர்பு பல இடங்களிற் கிடைப்பதில்லை. ஆதலால் கிறான்மியர் குளத்தை நோக்கி நடப்போர், அன்றைய பட்டியலை முதல்நாள் மாலையிலே கருவியில் இறக்கிக்கொண்டு, சுடுகள அறிவித்தலையும் பார்த்துவிட்டே புறப்படுகின்றனர்.